கோழிக்கு விசா கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்

மத்திய, மாநிலக் கால்நடைத் துறை அலுவலர்களுக்கும், சென்னையில் விலங்குகளுக்கு ஏற்றுமதிச் சான்று வழங்கும் அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ், பிழைப்பு ஓடுவது ஆன்லைன் விண்ணப்பத்தில். பாஸ்போர்ட், பட்டா, வாரிசுச் சான்று, கல்லூரிச் சேர்க்கை என்று எது வந்தாலும் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்போம். வெளிநாடு போகிற குடும்பங்கள் இப்போது எங்கள் பக்கம் அதிகம். ஐ.டி. வேலையில் இருக்கும் மகனும் மருமகளும் முதலில் போவார்கள், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் பேரனைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி. எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில், "அண்ணா, நாயைக் கூட்டிட்டுப் போறதுக்கு என்னங்க பேப்பர் வேணும்?" என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் உண்டு. பூனைக்கும் உண்டு. சிலர் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "கோழிக்குங்க?" என்பார்கள். இந்த மடல் அவர்களுக்காக.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். முடியாது. அது சரியான பதில்தான், அதை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த 'முடியாது' எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை, எந்தக் கால்நடை மருந்தகத்திலும் தமிழில் ஒரு தாளாகக் கிடைக்கவில்லை, கேட்டவருக்கு முதல் நாளே போய்ச் சேரவில்லை. அதுதான் என் புகார்.

கேள்வியைக் கேட்டதும் கடையில் சிரிப்பு வரும். "அடிச்சுக் குழம்பு வெச்சுட்டு நிம்மதியா ஏரோப்ளேன் ஏறும்மா" என்பார் யாராவது ஒருவர். அந்த வசனத்துக்கு என்றைக்கும் ஆள் குறைந்ததில்லை. கேட்ட அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாஸ்போர்ட் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் கேள்வியை விட்டிருக்க மாட்டார். வேறு இடத்தில் போய்க் கேட்பார். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

இவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னங்குறிச்சி, செட்டிச்சாவடி, கொண்டப்பநாயக்கன்பட்டி என்று சேர்வராயன் மலையடிவாரத்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம் இருந்தால் அதில் கோழி இருக்கும். மேலே நாகலூர், செம்மநத்தம் பக்கம் காபிச் செடிக்குள்ளேயே சிறுவிடை நாட்டுக்கோழிகள் மேயும். இவர்கள் பண்ணைக்காரர்கள் இல்லை. பிள்ளைகளுக்காக வாங்கிய குஞ்சு வளர்ந்து, முட்டையிட்டு, அடைகாத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக ஆகிப்போன வீடுகள். நாமக்கல் கூண்டுக் கோழி ஒன்றரை வயது சுமாருக்குக் கழித்துக் கட்டப்படும். கொல்லைக் கோழிக்கு அப்படிக் கணக்கு இல்லை. கழிச்சல் வராமல், கீரி பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு வருடம் தாராளமாக இருக்கும். எல்.கே.ஜி. போனபோது வந்த கோழி, பையன் ஆறாம் வகுப்புக்குப் போகும்போதும் வாசலில் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைக்கிறது.

கன்னங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா கோழியையே கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். துணிக்கடைக் கட்டைப்பை, அதற்குள் பழைய துண்டு, துண்டுக்குள் ஒரு கிராப்புக் கோழி. தலை மட்டும் வெளியே. மகளின் தோழிகளில் நாய் வளர்க்கும் யாரோ, விண்ணப்பத்தில் பிராணியின் போட்டோ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "பாஸ்போர்ட் சைஸ்ல எடுத்துக் குடுங்க" என்றார். எடுத்துப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். கோழிக்குக் கண்கள் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன, நேரே நிறுத்தினால் இரண்டு கண்ணும் படத்தில் சரியாக விழாது. வெள்ளைத் திரைக்கு முன்னால் வைத்தால், விளக்கு வெளிச்சம் பட்டதும் கீழிமை மெதுவாக மேலே ஏறி, சாம்பல் நிறத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். நமக்கு இமை மேலிருந்து இறங்குகிறது, அதற்குக் கீழிருந்து ஏறுகிறது. அதை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். படம் பிடித்து முடிவதற்குள் அது பையை விட்டு இறங்கி, பஞ்சிங் மிஷினுக்குக் கீழே சிதறிக் கிடந்த வட்டக் காகிதத் துண்டுகளை ஒன்று விடாமல் கொத்திப் பார்த்துவிட்டது. அரிசி என்று நினைத்ததோ என்னவோ.

அந்த அம்மாவுக்காகத்தான் ஐரோப்பிய விதியை எடுத்துப் படித்தேன். அவர்களுடைய சட்டத்தின் பின்னிணைப்பில், உரிமையாளரோடு பயணம் செய்யலாம் என்ற வீட்டுப் பிராணிகளின் பட்டியல் இருக்கிறது. பறவைகளும் உண்டு. ஆனால் கோழி, வான்கோழி, கினிக்கோழி, வாத்து, காடை, புறா, கௌதாரி, நெருப்புக்கோழி வகையறா நீங்கலாக. வெளிநாட்டுக் கிளி என்றால் நிபந்தனைகளோடு போகலாம். (நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம், அது வேறு கதை.) கோழிக்கு அந்த வாசலே இல்லை. உங்கள் மடியில் தூங்கினாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வந்தாலும், அந்த எல்லையில் அது பண்ணைப் பறவை. ஒன்று கொண்டுபோனாலும் ஒரு லாரிக் கோழிக்கு உள்ள சட்டம்தான்.

அமெரிக்காவும் இதே மாதிரிதான். கோழி, வாத்து, புறா, மயில் வரைக்கும் அவர்களுடைய வேளாண் துறை வீட்டுப் பறவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பண்ணைப் பறவைக்கு இறக்குமதி அனுமதி, சொந்த நாட்டு அரசு மருத்துவரின் சான்று, போய் இறங்கியதும் அரசு மையத்தில் 30 நாள் தனிமை. அதுவும் பறவைக் காய்ச்சல் இல்லாத நாட்டிலிருந்து போனால். ஆஸ்திரேலியா இன்னும் கறார். வீட்டுப் பறவை என்றால் நியூசிலாந்திலிருந்து மட்டும், அதிலும் சில வகைதான். கோழி இனத்தில் அவர்கள் உள்ளே விடுவது அடை முட்டையை மட்டும், அதையும் ஒப்புதல் பெற்ற நாடுகளிலிருந்து வாங்கித் தங்கள் தனிமை மையத்திலேயே பொரிக்க வைத்துத்தான். சிங்கப்பூரில் நம் ஆட்கள் பெரும்பாலும் குடியிருப்பது வீட்டு வசதி வாரிய அடுக்குமாடியில். அங்கே கோழி வளர்க்கவே கூடாது.

இதையெல்லாம் தேடிப் படிக்க எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும், இணையம் கையிலேயே இருக்கிறது. கட்டைப்பையோடு வந்த அம்மாவுக்கு?

ஏன் இந்தக் கெடுபிடி என்பதையும் மக்களுக்குச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், கோபப்பட மாட்டார்கள். கோழிக் கழிச்சலைப் பற்றிச் சேலத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெள்ளையாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் கொல்லை காலியாவதைப் பார்க்காத கிராமம் இல்லை. ராணிக்கெட் நோய் என்று உங்கள் ஏட்டில் இருப்பதும் இதுதான், வெள்ளைக்காரன் நியூகாசில் நோய் என்பதும் இதுதான். தடுப்பூசி போட்ட கோழி பெரும்பாலும் சாகாது. ஆனால் சாகாத கோழியும் கிருமியைச் சுமந்து எச்சத்தில் கொட்ட முடியும். "என் கோழிக்கு லசோட்டா போட்டாச்சுங்க, நல்லாத்தான் இருக்கு" என்ற வாதம் விமான நிலையத்தில் எடுபடாமல் போவது இதனால்தான். இதை ஒருவர் நிதானமாகச் சொல்லிவிட்டால் போதும்.

பறவைக் காய்ச்சல் அதைவிடப் பெரிய விஷயம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாபூரில் முதன்முதலாக உறுதியானதிலிருந்து இந்தியாவில் அது வந்து வந்து போகிறது. பக்கத்துக் கேரளத்தில், ஆலப்புழை வாத்துகளில் அடிக்கடி. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழிப்பது நடைமுறை. அதில் வீட்டுக் கோழி, பண்ணைக் கோழி என்ற பேதம் கிடையாது. மாதிரியைப் போபாலில் இருக்கும் உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் முடிவு சொல்கிறார்கள். இத்தனையும் நடக்கிற நாட்டிலிருந்து ஒரு கோழியை விமானத்தில் ஏற்றி இன்னொரு நாட்டின் கொல்லையில் இறக்கிவிட எவன் சம்மதிப்பான்? நாமே சம்மதிக்க மாட்டோம்.

ஆக, கதவு மூடியிருப்பதில் தப்பில்லை. மூடிய கதவுக்கு வெளியே கடை போட்டிருக்கிறார்களே, அதுதான் தப்பு.

நாய், பூனைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள், நாய் விஷயத்தில் அவர்கள் இல்லாமல் முடியாது. ஐரோப்பாவுக்கு நாயைக் கொண்டுபோக வேண்டும் என்றால் மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்ற பரிசோதனை, அதற்குப் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு, கடைசியாக உங்கள் அலுவலகச் சான்று என்று வழி நீளமானது. நீளம் என்றாலும் அது வழி. கோழிக்கு அந்த வழியே கிடையாது என்று தெரிந்தும், "பண்ணலாம் மேடம், கொஞ்சம் ஸ்பெஷல் கேஸ்" என்று வாட்ஸாப்பில் விலைப்பட்டியல் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கூண்டுக்கு இவ்வளவு, மைக்ரோசிப்புக்கு இவ்வளவு, சான்றுக்கு இவ்வளவு, முன்பணம் பாதி. உள்ளூரில் ஒரு டாக்டரிடம் கோழியைக் காட்டி 'ஆரோக்கியமாக உள்ளது, பயணத்துக்கு ஏற்றது' என்று ஒரு தாள் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தாளில் சீல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. நம் ஜனங்களுக்குச் சீலைப் பார்த்துவிட்டால் பாதி விசா கிடைத்த மாதிரி. அந்த டாக்டர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை, கோழி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளால் போகிற நாட்டில் ஒரு பயனும் இல்லை என்று அதே தாளில் ஒரு வரி அச்சடித்திருந்தால்?

அம்மாபேட்டைக் குடும்பம் ஒன்று இப்படித்தான் கூண்டோடு சென்னை வரைக்கும் போய்விட்டது. சரக்குப் பிரிவில் கேட்ட முதல் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. இரவு விமானம், ஏஜென்ட் போனை எடுக்கவில்லை, பிள்ளைகள் அழுகை. கடைசியில் சேலத்திலிருந்து கூட்டிப்போன வாடகைக் கார் டிரைவரிடமே கூண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போனார்கள். அப்புறம் அந்தக் கோழி என்ன ஆனது என்று அவர்கள் டிரைவரிடம் கேட்கவே இல்லையாம். கேட்கத் தைரியம் வரவில்லை என்று பெரியவர் சொன்னார்.

உங்கள் சான்று எப்படி வேலை செய்கிறது என்பதை மக்கள் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். இங்கே அனுமதி வாங்கிவிட்டால் அங்கே விட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. நடப்பது நேர்மாறு. போகிற நாடு என்னென்ன கேட்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்கு ஏற்பச் சோதித்து, அவர்கள் கேட்கும் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்த நாடு இந்தியக் கோழிக்கென்று படிவமே வைத்திருக்கவில்லை என்றால் நீங்கள் கையெழுத்துப் போட இடமே இல்லை. இந்த நாலு வரியைத் தமிழில் எழுதிப் போட்டிருந்தால் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த முன்பணம் எத்தனையோ வீட்டில் மிஞ்சியிருக்கும்.

நம் நாட்டுச் சட்டமே கோழிப் பயணத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடியபோது இன்னொரு சங்கதி கண்ணில் பட்டது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் 2001இல் கோழிக்கென்று தனி அத்தியாயம் சேர்த்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் அவ்வளவு பரிவு. ஏற்றும் முன் கால்நடை மருத்துவர் சோதித்துச் சான்று தர வேண்டும். சேவலையும் கோழியையும் ஒரே கூண்டில் ஏற்றக் கூடாது. வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர். வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போனாலோ 15க்குக் கீழே இறங்கினாலோ ஏற்றவே கூடாது. சேலத்தில் 25 டிகிரிக்குக் கீழே பகல் என்றால் மார்கழி விடியலில் கொஞ்ச நேரம் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் ஏற்காட்டில் ஏற்றினாலும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் சட்டம் மீறப்பட்டுவிடும். இந்த விதி அமலில் இருக்கும் அதே ஊரில்தான், பைக் ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கும் கோழிகள் தினமும் ஐந்து ரோட்டைக் கடந்து போகின்றன. இதைக் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. கோழிக்காக நல்ல விதி எழுதத் தெரிந்த அரசுதான் நம்முடையது. எழுதியது அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மனம் வைத்தால் உங்களால் ஆகாத காரியமும் இல்லை. 2023இல் உலக விலங்கு நலவாழ்வு அமைப்பிடம், நாட்டின் 26 கோழிப்பண்ணைத் தொகுதிகள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்று அறிவித்து அங்கீகாரம் வாங்கினீர்கள். அதில் தமிழ்நாட்டுத் தொகுதிகளும் உண்டு. நாடு முழுக்க நோய் இல்லை என்று சொல்ல முடியாவிட்டாலும், வேலி போட்டு, ஆள் நடமாட்டம் கட்டுப்படுத்தி, தொடர்ந்து சோதிக்கிற பண்ணையைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம் என்ற அந்த வேலையை நிஜமாகவே பாராட்டுகிறேன். கன்னங்குறிச்சிக் கொல்லையை அப்படி ஒரு தொகுதியாக அறிவிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அங்கே கொக்கும் காக்கையும் வந்து போகும், பக்கத்து வீட்டுச் சேவல் மதில் தாண்டும். நான் கேட்பது அவ்வளவு பெரியது இல்லை. உலக அமைப்புக்கு அவ்வளவு ஆவணம் தயாரித்த கைக்கு, ஒரு ஏ4 தாள் என்ன பாரம்?

இங்கிலாந்தை ஒரு நிமிடம் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்குள் கூண்டிலேயே இருக்கும் கிளி மாதிரிப் பறவைகளுக்கு மட்டும் விலக்கு. நோய் பரவினால் யாரிடம் சொல்வது என்று தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கோழியினம் 12 கோடிக்கு மேல், நாட்டிலேயே முதலிடம். அத்தனை கோழிக்கும் பெயர் எழுதச் சொன்னால் கலெக்டர் ஆபீஸ் தாங்காது. ஆனாலும் கொல்லைக் கோழிக்காரனுக்கும் துறைக்கும் ஒரு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இப்போது இருப்பது பிப்ரவரியில் நடக்கும் இருவாரக் கழிச்சல் தடுப்பூசி முகாம் மட்டும்தான். அது நல்ல முகாம், எங்கள் பக்கம் கூட்டம் சேர்கிறது.

இனி, விட்டுவிட்டுப் போகும் கோழிகளைப் பற்றி. இதுதான் என் மனதில் அதிகம் ஓடுவது. கூட்டிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்த பிறகு ஒரு குடும்பம் என்ன செய்யும்? பக்கத்து வீட்டில் கொடுக்கலாம். அவர்கள் ஆடி மாதம் வரை வைத்திருப்பார்கள், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கொண்டுபோய் விடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அது வனவிலங்குகளுக்கானது, வீட்டுக் கோழிக்கு அங்கே வேலை இல்லை. சிலர் ஏற்காட்டுப் பாதையோரத்தில் காட்டுக்குள் விட்டுவிடலாம் என்கிறார்கள், 'அதுவும் காட்டுக்கோழி ஆயிடும்' என்ற நம்பிக்கையில். ஆகாது. முதல் ராத்திரியே கீரிக்கோ காட்டுப்பூனைக்கோ தீனியாகும். அதைவிட மோசம், கொல்லை நோயைச் சேர்வராயன் மலையின் சாம்பல் காட்டுக்கோழிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கொடுக்கும். இதைச் செய்யாதே என்றாவது யாராவது சொல்ல வேண்டாமா?

2012இல் ஈமுக் கோழிக் கம்பெனிகள் கவிழ்ந்தபோது என்ன நடந்தது என்பது கொங்கு மண்டலத்துக்கே தெரியும். முதலாளிகள் ஓடிவிட்டார்கள், பறவைகள் பட்டினி கிடந்தன, ஈரோடு மாவட்ட நிர்வாகமும் உங்கள் துறையும் சேர்ந்துதான் தீவனம் போட வேண்டி வந்தது. அன்றைக்கு அத்தனை பெரிய பறவைகளுக்கு ஏற்பாடு செய்தவர்களால், வருடத்துக்குச் சில வீடுகள் விட்டுப்போகும் நாலைந்து நாட்டுக்கோழிக்கு ஒரு நோட்டுப் போட முடியாதா? நாட்டுக்கோழி வேண்டும் என்று மருந்தகத்தில் வந்து கேட்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். கொடுக்கிறவர் பெயர் ஒரு பக்கம், வேண்டுகிறவர் பெயர் ஒரு பக்கம். அடைகாக்கும் சிறுவிடைக் கோழிக்கு ஆளா கிடைக்காது? தலைவாசலில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கால்நடைப் பூங்காவும், அதிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு, வயதான கோழியைப் பார்த்துப் பழக ஒரு வாய்ப்பாகவும் இருக்கும். பண்ணைக் கோழி வயதாகும் வரை இருப்பதில்லையே, அவர்கள் வேறு எங்கே போய்ப் பார்ப்பார்கள்? வாங்கிக்கொள்கிறவர் வெட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். முட்டைக்காக வாங்குகிறவரையும் கறிக்காக வாங்குகிறவரையும் உங்கள் பராமரிப்பு உதவியாளர் முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார்.

தாளில் என்ன எழுதலாம் என்று நானே ஒன்று அடித்துப் பார்த்தேன். உங்கள் துறை நடையில் திருத்திக்கொள்ளுங்கள்:

"வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு. கோழி, வாத்து, காடை, புறா ஆகியவற்றைப் பல நாடுகள் வீட்டுப் பிராணியாக ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா செல்வோர் இந்தியாவிலிருந்து இவற்றை உடன் கொண்டு செல்வது நடைமுறையில் இயலாது. மற்ற நாடுகளுக்குச் செல்வோர், அந்நாட்டு அரசின் இறக்குமதி நிபந்தனையை எழுத்தில் பெற்ற பிறகே இங்கு வரவும். உள்ளூர்க் கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்று மட்டும் இதற்குப் போதாது. இதற்காக யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம். கோழிகளைக் காட்டில் விட வேண்டாம்; ஒப்படைக்க விரும்புவோர் இந்த மருந்தகத்தில் பெயர் பதியலாம்."

இதைப் பிப்ரவரி முகாமுக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடத்துகிறீர்கள்; வெளிநாடு போகிற குடும்பங்கள் அதைப் பார்க்க வருகின்றன, அங்கே ஒரு மேசை போடலாம். டாக்டர் எழுதித் தரும் உடல்நலச் சான்றின் அடியிலும், 'இது இறக்குமதி அனுமதி ஆகாது' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் விழட்டும். ஸ்டாம்ப் செய்யச் செவ்வாய்ப்பேட்டையில் ஆள் இருக்கிறார்கள், ஒரே நாளில் கொடுத்துவிடுவார்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கின்றன. நம் ஆட்கள் ஜூன், ஜூலையில் கிளம்புவார்கள். அதற்கு முன் தாள் வந்தால் நல்லது. ஒப்புதலோடு ஒரு பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், அஸ்தம்பட்டி முதல் ஏற்காடு வரை உள்ள மருந்தகங்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடைக்காரன்
சேலம்